கால்மிதிக்குக் கீழை வைச்ச காவல்

எங்கட அடுக்குமாடிப் புளொக்கிலை என்னோடை வளந்த உங்களுக்குத்தான் இதை எழுதிறன். எனக்கு வடிவா எழுத வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் இடையிலை விட்டனான், நோர்வேப் பள்ளிக்கூடத்தையும் இடையிலை விட்டனான். வாயாலை கதைக்கிற மாதிரித்தான் வரும்.

அண்ணா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள் கனபேர் வந்தனீங்கள். சாப்பிட்டுப்போட்டு இருந்து கதைக்கேக்கை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னியள். அமைதியான பெடியன். ஒருத்தரோடையும் வாய்காட்டாதவன். இருக்கிற இடமே தெரியாது. நான் குசினிக்குள்ளை கோப்பை கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். எனக்கு அழுகை வரேல்லை, கோவம்தான் வந்தது. நீங்கள் சொன்ன ஆளை எனக்குத் தெரியாது. முன்வீட்டுப் பிள்ளை மட்டும் கோப்பையைத் துடைச்சுத் துடைச்சு அடுக்கிக்கொண்டு என்னைப் பாத்தவள். அவளுக்கு விளங்கும். அந்த வெயில்காலம் அவளும் இஞ்சைதான் நிண்டவள். நீங்கள்தான் எல்லாரும் ஊருக்குப் போட்டியள்.

ஞாபகம் இருக்கோ? அங்கை சண்டையை நிப்பாட்டிப் பாதை திறந்த நேரம். அதுவரைக்கும் ஊரைக் கண்ணாலை காணாத பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் வெளிக்கிட்டினம். எங்கட படிக்கட்டு முழுக்கச் சூட்கேசா நிண்டது. பேந்து ஒரு சத்தமும் இல்லை. பச்சைச் சவுக்காரம் போட்டுக் கழுவின படியின்ர மணம் மட்டும்தான். முந்தி அந்த மணத்தோடை யாராவது வீட்டு மீன்குழம்பும் சேந்து மணக்கும். அந்த முறை வெறும் சவுக்காரம்.

நாங்கள் போகேல்லை. போன ஆக்களின்ர துப்பரவு வேலையை எல்லாம் அப்பாதான் சேத்துச் செய்தவர். முன்வீட்டு அன்ரியும் போகேல்லை. அவ மட்டக்களப்பு. அவவின்ர புருசன் அங்கை காணாமல் போன ஆள். அவ இஞ்சை மகளோடை இருந்து எங்கட ஆக்களுக்குச் சாறிச் சட்டை தைச்சுக் குடுத்துக்கொண்டிருந்தவ. எங்கட கதவும் அவவின்ர கதவும் நேருக்கு நேர். கதவைத் திறந்தா மெஷின் ஓடுற சத்தம் கேக்கும்.

அப்ப மிஞ்சினது அண்ணா, நான், முன்வீட்டுப் பிள்ளை. எனக்கு முன்பல்லு இல்லாத வயசு. அண்ணாவுக்குக் குரல் உடையத் தொடங்கியிருந்தது, அதாலை அவன் வெளியிலை கனக்கக் கதைக்கமாட்டான். ஆனா காட்டுக்குள்ளை போனா வாய் மூடாது. எல்லிங்ஸ்ருட்டிலை புளொக்குக்குப் பின்னாலை ஏறினா உடனை காடுதானே. அந்தக் காட்டைத்தான் அவன் அமெரிக்கா ஆக்கினவன்.

உண்மையான அமெரிக்கா இல்லை. அவன்ர அமெரிக்கா வேறை. பள்ளிக்கூடத்திலை அவையளுக்கு, நோர்வேயிலை பஞ்சம் வந்து கனபேர் கப்பலேறி அமெரிக்கா போன கதை படிப்பிச்சவை. அண்ணா அதை எடுத்துத் தன்ர எண்ணத்துக்கு மாத்திப்போட்டான். அவன்ர அமெரிக்காவிலை ஒரு பெரிய ஆறு ஓடும். ஆத்துக்கு அங்காலை அந்த மண்ணின்ர பழைய ஆக்கள். அவையளின்ர மந்திரம் பெலம். துவக்கைக் கொண்டு ஆத்தைக் கடந்தா துவக்கு சுடாமல் ஊமையாப் போயிடும். அதாலை வெள்ளைக்காரர் ஒருத்தரும் அங்காலை போய் நாட்டைப் பிடிக்கேல்லை. ஜனாதிபதியும் இல்லை, பெரிய பட்டினமும் இல்லை. ஆத்தோடை எல்லை முடிஞ்சுது. இங்காலைக் கரையிலை சின்னச் சின்ன மரவீடுகள். அதிலை நோர்வே ஆக்கள் இருப்பினம், பக்கத்திலை எங்கட ஆக்களும் இருப்பினம். பருத்தித்துறையிலையிருந்து வெளிக்கிட்ட பாய்க்கப்பல் ஒண்டு காத்து மாறி அங்கை போய் ஒதுங்கினதாம். நான் அதை உண்மையெண்டுதான் கனகாலம் நம்பிக்கொண்டிருந்தன். பேந்து வகுப்பிலை ரீச்சரிட்டைச் சொல்லி எல்லாரும் சிரிச்சது வேறை கதை.

அங்கை துவக்கு வேலைசெய்யாதபடியாலை எல்லாரும் தங்கடை தங்கடை வீட்டு மந்திரத்தை வைச்சுத்தான் சீவிக்கோணும். நோர்வே ஆக்கள் கதவுக்கு மேலை இரும்பு செருகுவினம், தாராலை குருசு கீறுவினம். அது அவையள் உண்மையிலையே முந்திச் செய்தது, அண்ணான்ர புத்தகத்திலை படம் இருந்தது. எங்கட ஆக்கள் எலுமிச்சந் தேசிக்காய், செத்தல் மிளகாய், உப்பு. அதுகும் உண்மைதான், அம்மா எங்களுக்கு நாவூறு கழிச்சு மிளகாயை அடுப்பிலை போட்டுப் புகையெடுக்க, புகைக்குக் கத்துற பெட்டி அலறி, கீழ்வீட்டு நோர்வேக் கிழவி ஓடிவந்தவ.

ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு மந்திரம்தான். ரெண்டு இல்லை, கேட்டாலும் தரமாட்டான். முன்வீட்டுப் பிள்ளைக்கு வெறுங்காலாலை மண்ணை மிதிச்சா அடியிலை தண்ணி ஓடுறது தெரியும். அவள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு எறும்புப் புத்துகளைச் சுத்திச் சுத்தி நடப்பாள். நான் பொய்யை மணந்து பிடிக்கிறனான். ஆர் கதைச்சாலும் கிட்டப்போய் மூக்காலை இழுப்பன். அப்பா வேலையாலை வந்து களைக்கேல்லை எண்டு சொல்லேக்கையும் இழுத்துப் பாத்தனான். அண்ணா காவல் போடுறவன். வீட்டுக்காவல், வழிக்காவல், வெளிக்கிட்ட ஆள் திரும்பி வாறதுக்குக் காவல். அந்த நாட்டிலை ஒரு சட்டம் இருந்தது. மந்திரம் செய்தவர் நான்தான் செய்தனான் எண்டு கேட்டாச் சொல்லோணும். சொல்லாட்டி அது கிறுகிப் போய் வேறை ஆளிலை விழும். கிறுகி எண்டுறது முன்வீட்டுப் பிள்ளையின்ர சொல்லு. திரும்பி எண்டுறதை அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம். முதல் நாங்கள் பகிடி பண்ணினாங்கள், பேந்து எங்கட அமெரிக்காவிலை எல்லாரும் கிறுகத் தொடங்கிட்டம்.

அந்தக் காட்டின்ர மணம் இப்பவும் வரும். வெயில் பட்ட பைன் பிசின். கையெல்லாம் புளூபெரிச் சாயம். குதிரைக்கு நாங்கள் வைச்சிருந்தது புளொக்கைப் பராமரிக்கிற வக்மெஸ்தர் எறிஞ்ச கூட்டுமாறுத் தடியள். என்ர குதிரைக்குச் சிவப்புப் பூச்சு. அது எங்கை போச்சோ தெரியாது.

ஒருநாள் பின்னேரம் அம்மா ரெலிபோனிலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டிருந்தவ. போன சனத்தை நினைச்சாப் பயமாக்கிடக்கு, உது நிலைக்காது, திடீரெண்டு பாதையைப் பூட்டினா உதுகள் பிள்ளையளோடை உள்ளுக்கை மாட்டுப்பட்டுப்போகுங்கள் எண்டு சொன்னவ. அண்ணா கேட்டுக்கொண்டு நிண்டான். மற்றநாள் அவன் காட்டுக்கு வரேல்லை. புளொக்கிலைதான் வேலை எண்டான்.

அப்பிடித்தான் நாங்கள் உங்கட வீடுகளுக்குக் காவல் போட்டனாங்கள். வதங்கின தேசிக்காய் ஒண்டு. அதுக்குள்ளாலை ஒரு ஆணி, அது நோர்வே ஆக்களின்ர இரும்பு. ஆணியைச் சுத்திச் சிவப்பு நூல். நூல் அன்ரியின்ர பிஸ்கற் ரின்னிலையிருந்து முன்வீட்டுப் பிள்ளை எடுத்துவந்தது. ஆளின்ர உடம்பிலையிருந்து ஏதாவது சேத்தாத்தான் பிடிக்கும் எண்டு அண்ணா சொல்ல, அவள் தன்ர நீட்டு மயிரிலை கொஞ்சம் பிடுங்கித் தந்தவள். என்ர மயிர் அப்ப கட்டை. கால்மிதியைத் தூக்கி நிலத்திலை கரியாலை குருசு கீறி, அதுக்கு மேலை தேசிக்காயை நசிச்சு வைச்சு, கால்மிதியாலை மூடினவன். ஒவ்வொரு வாசலிலையும் குந்தியிருந்து அந்த வீட்டு ஆக்களை ஒவ்வொருத்தராச் சொன்னவன். மேல்மாடி மாமி, மாமா, அவையளின்ர சின்னவன். உங்கள் எல்லாரையும் சொன்னவன். நான் பக்கத்திலை நிண்டு மணந்து பாத்தனான். பொய் மணக்கேல்லை.

நீங்கள் எல்லாரும் சுகமா வந்து சேந்தியள். கறுத்து, மெலிஞ்சு, பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொண்டு. எங்களுக்குச் சந்தோசம் பிடிபடேல்லை. காவலை எடுக்கோணும் எண்டு எங்களுக்கு நினைவே வரேல்லை.

பேந்து மேல்மாடி மாமா மழைக்குள்ளை படியிலை சறுக்கிக் காலை முறிச்சார். அதே கிழமை இன்னொரு வீட்டுக்கு, தாயைக் கூப்பிடக் குடுத்த விசா இல்லையெண்டு வந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விடேல்லை. அந்த நேரத்திலை பாத்து மாமி கால்மிதியைக் கழுவத் தூக்கியிருக்கிறா.

நீங்களே யோசிச்சுப் பாருங்கோ, மாமி என்னத்தைக் கண்டிருப்பா எண்டு. கறுத்துக் காஞ்ச தேசிக்காய், துருப்பிடிச்ச ஆணி, சிவப்பு நூல், பொம்பிளை மயிர், கீழை கரிக்கோடு. மற்ற வீடுகளிலையும் தூக்கிப் பாக்கச் சொன்னா. எல்லா வீட்டிலையும் இருந்தது. எங்கட வீட்டிலையும் முன்வீட்டிலையும் இல்லை. எங்களிலை ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை. நாங்கள் யாழ்ப்பாணம். மட்டக்களப்பு ஆக்கள் மந்திரத்தாலை ஆளைப் பாயோடை ஒட்டவைச்சுப்போடுவினம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுற கதை உங்களுக்கும் தெரியும். அதோடை மாமி அன்ரி தைச்சுக் குடுத்த தன்ர சட்டைக் கையைப் பிரட்டிப் பாத்தா. அதே சிவப்பு நூல். பின்னை என்ன, முடிஞ்சுது.

ஒருத்தரும் அன்ரியோடை சண்டைக்குப் போகேல்லை. போயிருந்தாலும் பரவாயில்லை. தைக்கக் குடுத்த துணியை எல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் திருப்பி வாங்கிச்சினம். எங்கட எல்லாற்றை உடம்பு அளவும் அவளிட்டைக் கிடக்கே எண்டு ஒராள் எங்கட குசினிக்குள்ளை இருந்து சொல்லி நெஞ்சைப் பிடிச்சவ. அளவெடுத்தே செய்வினை செய்யலாமாம். படியிலை அன்ரி வந்தா சுவரோடை ஒதுங்கினவை. அம்மா எங்களை முன்வீட்டுக்குப் போகக்கூடாது எண்டு சொன்னவ. மெஷின் சத்தம் நிண்டுபோச்சு. அன்ரி பேர்கனிலை வீடு பாக்கிறா எண்டு கதை வந்தது. முன்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தனியப் போனவள், எங்களைத் திரும்பிப் பாக்கேல்லை.

அண்ணா அண்டைக்கே அம்மாட்டைச் சொல்லிப்போட்டான். அதை நீங்கள் தெரிஞ்சுகொள்ளோணும். நான்தான் வைச்சனான் எண்டு, குசினியிலை வைச்சு, ஒண்டும் ஒளிக்காமல் சொன்னவன். அம்மா கையிலை மாப்பிசைஞ்சுகொண்டு நிண்டவ. கையைக் கழுவாமலே அவன்ர வாயைப் பொத்தினவ.

"வெளியிலை மூச்சு விடாதை. பேந்து எங்களைத்தான் சொல்லுவினம்."

அவன்ர வாயைச் சுத்திக் கோதுமைமா ஒட்டியிருந்தது. அம்மா கெட்டவ இல்லை. இப்ப எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு, அந்தப் பயம் விளங்குது. இந்த நாட்டிலை எங்களுக்கு இருந்தது அந்தப் படிக்கட்டுத்தான். காய்ச்சலெண்டா கஞ்சி கொண்டுவாறதும் அவை, அப்பாவுக்கு வேலை எடுத்துக் குடுத்ததும் அவை. அவை ஒதுக்கினா வேறை ஆரிட்டைப் போறது? ஆனா அண்ணா சின்னப்பிள்ளை. அவனுக்குத் தெரிஞ்சது மந்திரம் கிறுகி வேறை ஆளிலை விழுந்துபோட்டுது எண்டு. அவன் பசியில்லை எண்டு சொன்னான், நான் மணந்து பாத்தன், அது பொய்யில்லை.

மாமி வீட்டிலை செய்வினையை எடுக்கக் கழிப்புக் கழிக்கிறதெண்டு ஒரு சனிக்கிழமை எல்லாரும் கூடினவை. அது தெரிஞ்ச ஒரு ஐயாவை குரோருட்டிலையிருந்து காரிலை ஏத்திவந்தவை. நீங்களும் இருந்திருப்பியள், உள்ளறையிலை வீடியோ கேம் விளையாடிக்கொண்டு. அன்ரியையும் மகளையும் தவிர எல்லாரும் வந்தது. வடை சுட்டு வைச்சிருந்தவை. கண்டெடுத்த சாமான் எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பையிலை கட்டி நடுவிலை வைச்சிருந்தது, அதுக்குக் கிட்ட ஒருத்தரும் போகேல்லை. ஐயா தட்டிலை புதுத் தேசிக்காய் அடுக்கிக் கத்தியை எடுத்தவர்.

அண்ணா எழும்பிப் போய் அந்தத் தட்டிலையிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தான். அப்பா டேய் எண்டார். அவன் காச்சட்டைப் பொக்கற்றுக்குள்ளையிருந்து ஆணியும் நூலும் எடுத்தான். சாறு அவன்ர முழங்கையாலை வழிஞ்சது. ஆணியை ஏத்தி, நூலைச் சுத்தி, பல்லாலை இழுத்து முடிஞ்சு, தட்டிலை திருப்பி வைச்சான். ஐயா பையைத் திறந்து பழசு ஒண்டை எடுத்துப் பக்கத்திலை பிடிச்சுப் பாத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொருக்காப் பாத்தார். ரெண்டும் ஒரே ஆள் போட்ட முடிச்சுத்தான் எண்டு சொல்லிப்போட்டுக் கத்தியைக் கீழை வைச்சார்.

மாமி மெல்லமாத்தான் கேட்டவ. "ஏன் ராசா எங்கட வாசலிலை வைச்சனி?"

"நீங்கள் அங்கை செத்துப்போகாமல் திரும்பி வரோணும் எண்டு வைச்சனான் மாமி. எல்லாருக்கும் வைச்சனான். அன்ரிக்கு ஒண்டும் தெரியாது."

குரல் உடைஞ்சு ரெண்டு மூண்டு இடத்திலை கீச்செண்டது. ஒருத்தரும் சிரிக்கேல்லை. மாமா மட்டும் மாவுக்கட்டுக் காலைக் கதிரையிலை நீட்டிக்கொண்டு, "அப்ப என்ர கால் ஏன்ரா முறிஞ்சது?" எண்டார்.

"நீங்கள் வந்து சேந்தாப் பிறகெல்லோ மாமா விழுந்தனீங்கள். வரும்வரைக்கும்தான் நான் போட்டனான்."

ஐயா சிரிச்சார். பேந்து கொஞ்சப் பேர் சிரிச்சினம். அப்பா அவனைக் கையிலை பிடிச்சு வெளியிலை இழுத்துக்கொண்டு போய்ப் படியிலை வைச்சு அறைஞ்சார், எங்களுக்கு உள்ளுக்கை சத்தம் கேட்டது. மாமி பையைக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினா. வடையைச் சாப்பிட்டினம். உந்தக் காலத்துப் பிள்ளையள், கண்ட புத்தகமும் வாசிச்சு எண்டு கதைச்சினம். சுடச்சுட வடை மிஞ்சிக் கிடந்தது. அதிலை நாலை எடுத்துக்கொண்டு கீழை போய் முன்வீட்டுக் கதவைத் தட்டி, பிழை விட்டிட்டம் பிள்ளை எண்டு சொல்ல ஒருத்தரும் வெளிக்கிடேல்லை. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவந்தது. உங்கட அம்மா அப்பாவைக் குறைசொல்ல இல்லை. எங்கட அம்மாவும் அங்கைதான் இருந்தவ.

துணியளும் திரும்பிப் போகேல்லை. வெக்கமாக்கும். ஒருத்தருக்கும் முதல் ஆளாப் போக ஏலாது. மெஷின் சத்தம் இல்லாமலே நாள் போச்சு. வெளியிலை மரமெல்லாம் மஞ்சளாப் போச்சு. அன்ரியின்ர வாசலிலை மடிச்ச காட்போட் பெட்டியள் சாத்திக் கிடந்தது.

அண்ணாதான் போனவன். நானும் பின்னாலை போனன், அம்மா வேலையிலை எண்டபடியாலை. அன்ரி கதவைத் திறந்து எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டா. அண்ணா மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லத் தொடங்க, அவ கையைக் காட்டி மறிச்சா.

"எனக்குத் தெரியும் மனே, நீங்க மூணு பேரும்தான் எண்டு. என்ட நூல் குறைஞ்சா எனக்குத் தெரியாதா? என்ட பிள்ளைட மயிர் எனக்குத் தெரியாதா?"

அப்ப ஏன் சொல்லேல்லை எண்டு அண்ணா கேட்டான். நான் சொன்னா ஆரு நம்புறது எண்டா அன்ரி. சொன்னா என்ட பிள்ளைய வைச்சுச் செய்தாள் எண்டுதான் சொல்லுவாங்க. அவ அழேல்லை. உள்ளுக்கை போங்க, கேக் இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் பெட்டி அடுக்கப் போனா. முன்வீட்டுப் பிள்ளை எங்களுக்குக் கேக் வெட்டித் தந்தவள், அண்ணாவுக்குப் பெரிய துண்டு.

அம்மா வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்டமுதலே அண்ணா அவவுக்கு முன்னாலை போய் நிண்டவன். சத்தம் போடேல்லை. வழமையான குரலிலைதான்.

"அன்ரிக்கு முதலே தெரியுமாம் அம்மா. தெரிஞ்சும் வாயைத் திறக்கேல்லையாம். உங்களை மாதிரித்தான் அவவும், பிள்ளையை நினைச்சு."

அம்மா அவனுக்கு அடிக்கப்போறா எண்டு நினைச்சனான். அவ குளிருக்குப் போட்ட யக்கற்றோடை ஒரு சப்பாத்துக் கழட்டினபடி நிண்டா. பேந்து அறைக்குள்ளை போய் அலுமாரியைத் திறந்தா. அப்பா கலியாண நாளுக்கு வாங்கிக் குடுத்த நீலச் சாறி, அதின்ர சட்டைத் துண்டு வெட்டாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியிலை போனா. எங்கட கதவைச் சாத்தேல்லை. முன்வீட்டு மணியை அடிச்சா. அன்ரி திறந்தவுடனை துணியை நீட்டி, அளவெடுங்கோ எண்டா.

அன்ரி உள்ளுக்கை வாங்க அக்கா எண்டு கூப்பிட்டா. அம்மா போகேல்லை. இதிலையே எடுங்கோ எண்டு வாசல்படியிலையே நிண்டா. ஆக்கள் வேலையாலை வந்து படியேறுற நேரம். மாமி கடைச்சாமான் பையோடை ஏறிவந்து ரெண்டு படி கீழை நிண்டுபோனா. பின்னாலை வந்தவையும் நிண்டிச்சினம். அம்மா ஒருத்தரையும் பாக்கேல்லை. யக்கற்றைக் கழட்டி என்னட்டைத் தந்துபோட்டு ரெண்டு கையையும் அகட்டித் தூக்கினா.

அன்ரி கழுத்திலை கிடந்த அளவுநாடாவை எடுத்தா. தோள், கை, முதுகு. கிறுகுங்க அக்கா எண்டா, அம்மா கிறுகினா, இப்ப அவவின்ர முகம் படிக்கட்டுப் பக்கம். அண்ணா எங்கட வாசலிலை நிலையோடை சாஞ்சு நிண்டு பாத்துக்கொண்டிருந்தான். அன்ரி நாடாவை அம்மாவின்ர நெஞ்சைச் சுத்திக் கொண்டுவந்து முன்னுக்குச் சேத்தா. கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் இலக்கத்தைப் பாத்தா. எழுதேல்லை. அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"மூச்ச விடுங்க அக்கா," எண்டா அன்ரி. "இப்பிடி இறுக்கிப் பிடிச்சா அளவு பிழைக்கும்."

அம்மா அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. விட்டா. நாடா அன்ரியின்ர விரலுக்குள்ளை கொஞ்சம் தளந்தது, அன்ரி திரும்பவும் இழுத்துச் சரியான இலக்கத்தை வாய்விட்டுச் சொன்னா, கீழை நிண்ட எல்லாருக்கும் கேக்க.